பிழைக்கும் ஒரு முகவரி உண்டு: திருவலம் கிருஷ்ணமூர்த்தியை வாசித்தல்

தமிழில் விஞ்ஞானியைப் பற்றி எழுதுவதற்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. எளிய குடும்பம், கஷ்டப்பட்டுப் படிப்பு, அமெரிக்கப் பயணம், அப்புறம் விருதுப் பட்டியல், கடைசியில் 'தமிழர்கள் அனைவரும் பெருமைப்பட வேண்டும்'. கட்டுரையைப் படித்து முடிக்கும்போது அந்த ஆளுக்கு எத்தனை பதக்கம் என்பது தெரிந்திருக்கும். அவர் நாற்பது ஐம்பது வருஷம் எதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் தெரிந்திருக்காது. ஒரு நாவலாசிரியரைப் பற்றி இப்படி எழுதினால் நாம் விடுவோமா? நாவலையே திறக்காமல் 'இன்ன ஆண்டு இன்ன பரிசு வாங்கினார்' என்று முடித்தால் கமெண்ட்டில் கிழித்துவிடுவோம். விஞ்ஞானி என்றால் மட்டும் அந்தச் சலுகை.

டி. என். கிருஷ்ணமூர்த்தி விஷயத்தில் இந்த வார்ப்பு நன்றாகவே பொருந்தும். 1932-இல் சென்னையில் பிறப்பு, 1959-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், 1967-இலிருந்து ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம், 1985-இல் அமெரிக்க வானிலைக் கழகத்தின் ராஸ்பி பதக்கம், 1996-இல் உலக வானிலை அமைப்பின் ஐஎம்ஓ பரிசு, 2018 பிப்ரவரியில் மரணம். முடிந்தது கட்டுரை. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஆள் எங்கே?

அவருடைய முதலெழுத்து 'டி' என்பது திருவலம். காட்பாடிக்குப் பக்கத்தில் பொன்னை ஆற்றங்கரையில் அந்தப் பெயரில் ஒரு ஊர் இருக்கிறது. நான் இருக்கும் கண்ணமங்கலத்திலிருந்து ரயிலேறி காட்பாடியில் இறங்கினால் கொஞ்ச தூரம்தான். அதற்காக அவரை 'எங்க ஏரியாக்காரர்' என்று சொந்தம் கொண்டாட இந்தக் கட்டுரையை எழுதவில்லை. இங்கே வாழ்கிறவர்களுக்கு மழை பற்றி இருக்கும் ஒரு கேள்வி அவருடைய கட்டுரைகளுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். ஒரு முன்கணிப்பு தவறாகப் போகும்போது அந்தத் தவறை என்ன செய்வது? அதுதான் கேள்வி. கிருஷ்ணமூர்த்தியின் ஆய்வு வாழ்க்கையை இந்த ஒரே கேள்விக்கு அவர் வெவ்வேறு காலத்தில் எழுதிப் பார்த்த பதில்களாக வாசிக்க முடியும் என்று நினைக்கிறேன். அந்தப் பதில்களில் சில அபாரமானவை. சிலவற்றோடு எனக்குச் சண்டை உண்டு.

*

முதலில் அவர் நின்ற இடத்தைப் பார்த்துவிடலாம்.

வானிலையைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம் என்ற கனவு பழையது. 1922-இல் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் அதைக் கையால் போட்டுப் பார்த்து ஒரு புத்தகமே எழுதினார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்று விடை வந்தது. பூமியில் அப்படி நடக்காது. சமன்பாடுகள் சரிதான், கணக்கைத் தொடங்க அவர் கொடுத்த ஆரம்ப நிலவரத்தில்தான் கோளாறு. வானிலைக் கணிப்பின் சரித்திரம் முழுக்க இந்தப் பாடம் திரும்பத் திரும்ப வரும். எங்கே தொடங்குகிறாய் என்பது தப்பாக இருந்தால், எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் வேறு ஊருக்குத்தான் போய்ச் சேருவாய்.

வெப்பமண்டலத்தில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அழுத்தத்தைத் தெரிந்துகொண்டால் காற்றை ஓரளவு ஊகித்துவிடலாம். பூமியின் சுழற்சி இரண்டையும் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அந்தக் கட்டு தளர்ந்துவிடும். போதாததற்கு நம்மைச் சுற்றி இருப்பது கடல். கடல் நடுவில் யார் போய் வெப்பமானி வைப்பது? 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி டைரோஸ்-1 மேலே போனபோது உலகம் முதல்முறையாக மேகங்களைத் தொடர்ச்சியாக மேலிருந்து பார்த்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் கிருஷ்ணமூர்த்தி பட்டம் வாங்கியிருக்கிறார். செயற்கைக்கோள் காலமும் அவருடைய ஆய்வுக் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே தொடங்கின.

1979-இல் நடந்த மோனெக்ஸ் என்ற பருவமழை ஆய்வுத் திட்டம் இதில் ஒரு திருப்பம். உலகளாவிய பெரிய அவதானிப்புத் திட்டம் ஒன்றின் பகுதி அது. அமெரிக்காவின் புவிநிலைச் செயற்கைக்கோள் ஒன்றை இந்தியப் பெருங்கடலுக்கு மேலே நகர்த்திக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். அடுத்தடுத்த படங்களில் மேகம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால் அங்கே காற்றின் வேகம் தெரிந்துவிடும். கப்பலே போகாத இடத்தில் காற்றை அளக்கும் வழி. அந்த ஆண்டின் காற்றுத் தரவை வைத்துக்கொண்டு 1982-இல் கிருஷ்ணமூர்த்தியும் சுப்ரமணியமும் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கச் சுவையானது. பருவமழைக்கு உள்ளே 30 முதல் 50 நாள் வரை நீளும் ஒரு மெதுவான அலை இருக்கிறது என்கிறார்கள். நிலநடுக்கோட்டுப் பக்கம் உருவாகி, ஒரு நாளைக்கு ஏறத்தாழ முக்கால் பாகை என்ற கணக்கில் வடக்கே நடந்து இமயமலை அடிவாரம்வரை போகிறது. முக்கால் பாகை என்றால் சுமார் 80 கிலோமீட்டர். கிட்டத்தட்ட ஒரு மாட்டு வண்டி இரவும் பகலும் நிற்காமல் நடந்தால் போகும் தூரம்.

எனக்குப் பிடித்தது இந்தக் கட்டுரையின் பொறுமை. பருவமழை நடுவில் ஒரு வாரம் பத்து நாள் அறுந்துபோவது எந்த விவசாயிக்கும் தெரியும். அதை 'இயற்கையின் விளையாட்டு' என்று தள்ளிவிடலாம். இவர்கள் தள்ளவில்லை. ஒழுங்கில்லாதது போலத் தெரிவதற்குள் ஒரு நடை இருக்கிறதா என்று பார்த்தார்கள். தவறாகப் போகும் கணிப்பையும் அவர் பின்னாளில் இதே கண்ணால்தான் பார்த்தார்.

*

இரண்டாவது பதில் 1991-இல் வருகிறது. 'பௌதிகத் தொடக்கம்' என்று மொழிபெயர்க்கலாம். இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகம் போதும்.

கணக்குப் புத்தகத்தின் கடைசியில் விடைகள் இருக்கும். கணக்கு வராத பையன் என்ன செய்வான்? விடையைப் பார்த்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் வருவான். வாத்தியார் அடிப்பார். கிருஷ்ணமூர்த்தி செய்தது அதையே, ஆனால் நியாயமான காரணத்தோடு. கணினி மாதிரி கடலுக்கு மேல் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று தெரியாமல் தொடங்குகிறது. அதனால் முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் மழையைத் தப்பான இடத்தில் கொட்டித் தள்ளாடுகிறது. ஆனால் மழை எங்கே பெய்துகொண்டிருக்கிறது என்பது செயற்கைக்கோளுக்குத் தெரிகிறது. 1987-இலிருந்து அமெரிக்க ராணுவ வானிலைச் செயற்கைக்கோள்களில் இருந்த நுண்ணலைக் கருவி மேகத்தை ஊடுருவி உள்ளே இருக்கும் மழையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியது. சரி, மழை என்ற விடை கையில் இருக்கிறது. இவ்வளவு மழை பெய்ய வேண்டுமென்றால் காற்றில் எவ்வளவு ஈரம் இருந்திருக்க வேண்டும், எவ்வளவு வெப்பம் வெளிப்பட்டிருக்க வேண்டும் என்று சமன்பாட்டைத் திருப்பிப் போட்டார். அந்த ஈரத்தை மாதிரிக்குக் கொடுத்து அதன்பின் ஓடவிட்டார்.

தொடக்க நேரத்து மழை செயற்கைக்கோள் பார்த்த மழையோடு அழகாகப் பொருந்தியது. அன்றைய தேதிக்கு அது பெரிய பாய்ச்சல். ஆனால் விமர்சனமாகச் சொல்ல வேண்டியதும் இங்கேதான் இருக்கிறது. அந்தப் பொருத்தம் வேகமாகக் கரைந்தது. ஒரு நாள் தள்ளிப் பார்த்தால் நிறையக் குறைந்திருந்தது. விடையைப் பார்த்துக் கணக்குப் போட்ட பையனுக்கு அடுத்த கணக்கு வராதது போல. மாதிரியின் குணம் மாறவில்லை. அதற்கு ஒரு நல்ல நினைவைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மாதிரி தன் பழைய குணத்துக்குத் திரும்பிவிடுகிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. செயற்கைக்கோள் பார்ப்பது மழையே அல்ல, மழைத்துளியும் பனித்துகளும் விடும் நுண்ணலையை. அதிலிருந்து மழை அளவை எடுப்பதே ஒரு கணக்கு, ஒரு ஊகம். ஆக, ஒரு ஊகத்தை உண்மை என்று வைத்துக்கொண்டு இன்னொரு ஊகத்தைத் திருத்துகிறோம். கிருஷ்ணமூர்த்திக்கு இது தெரியாமல் இல்லை. 1997 நவம்பரில் அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து டிஆர்எம்எம் என்ற வெப்பமண்டல மழைச் செயற்கைக்கோளை ஏவியபோது, விண்ணிலிருந்து மழையைப் பார்க்கும் முதல் ரேடார் அதில் போனது. அந்தத் தரவை ஆரம்பத்திலிருந்தே ஆவலோடு கையில் எடுத்தவர்களில் அவரும் ஒருவர். உண்மை என்று எதை வைத்துக்கொள்கிறோமோ அது முதலில் ஒழுங்காக இருக்க வேண்டும். அந்தத் தேவை அவருக்குத்தான் அதிகம் இருந்தது.

*

மூன்றாவது பதில்தான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 1999 செப்டம்பரில் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை. எட்டு பேர் சேர்ந்து எழுதியது. பெங்களூருவின் சுலோச்சனா காட்கில் அதில் ஒருவர். பல வானிலை மாதிரிகளைச் சேர்த்து ஒரே கணிப்பாக்கும் இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் சூப்பர் என்செம்பிள். பெயரில் கொஞ்சம் விளம்பரம் இருக்கிறது. உள்ளே இருப்பது எளிமையான யோசனை.

சினிமாவை வைத்துச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை படம் வருகிறது. ஐந்து நண்பர்களிடம் கேட்கிறீர்கள். ஒருத்தன் எல்லாப் படத்தையும் 'மரண மாஸ்' என்பான். அவன் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்வீர்கள். ஒருத்தி பேய்ப்படம் என்றால் சரியாகச் சொல்வாள், காதல் படம் என்றால் கணிப்பு தப்பிவிடும். பேய்ப்படத்துக்கு மட்டும் அவளைக் கேட்பீர்கள். இன்னொருத்தன் இருக்கிறான், அவன் எதை மொக்கை என்கிறானோ அது உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும். அவனும் உபயோகமானவன்தான்! அவன் திட்டினால் டிக்கெட் போட்டுவிடுவீர்கள். ஐந்து பேர் மார்க்கையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் வருவது சராசரி. ஒவ்வொருவரும் எங்கே, எப்படித் தப்பு செய்வார்கள் என்று தெரிந்துகொண்டு கேட்பது வேறு.

கிருஷ்ணமூர்த்தி இதைத்தான் வானிலை மாதிரிகளுக்குச் செய்தார். உலகத்தின் பெரிய மையங்கள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி ஓட்டுகின்றன: ஐரோப்பிய மையம், பிரிட்டன், ஜப்பான், கனடா, அமெரிக்கா. முதலில் ஒரு பயிற்சிக் காலம். ஏறத்தாழ 120 நாள் இவை எல்லாம் என்ன சொல்லின, நிஜத்தில் என்ன நடந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். அதிலிருந்து ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு எடை. அந்த எடை உலகம் முழுக்க ஒரே எண் அல்ல. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி எடை. காற்றுக்குத் தனி, வெப்பத்துக்குத் தனி, மழைக்குத் தனி. முதல் நாளுக்குத் தனி, மூன்றாம் நாளுக்குத் தனி. எதிர்மறை எடைகூட வரலாம். அந்த மொக்கை நண்பன் ஞாபகம் இருக்கிறதல்லவா?

இதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஒரு மனோபாவம். பல கணிப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் 1992 டிசம்பரிலேயே ஐரோப்பிய, அமெரிக்க மையங்களில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்கே பெரும்பாலும் ஒரே மாதிரியைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிய தொடக்கங்களோடு பலமுறை ஓட்டினார்கள். பிழை என்பது அங்கே ஒரு பரவல். கிருஷ்ணமூர்த்தியிடம் பிழைக்கு ஒரு முகவரி இருக்கிறது. இந்த மாதிரி, இந்த இடத்தில், இந்த விஷயத்தில், இந்தப் பக்கமாகச் சாய்கிறது. மோசமான மாதிரி என்று ஒன்றைத் தூக்கிப் போடவும் இல்லை, சிறந்த மாதிரி என்று ஒன்றைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் இல்லை. நல்ல இலக்கிய விமர்சகரிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதுதானே? 'பெரிய எழுத்தாளர்', 'சின்ன எழுத்தாளர்' என்ற முத்திரை யாருக்கு வேண்டும்? இவர் பெண்களை எழுதும்போது எங்கே சறுக்குகிறார், ஊரை எழுதும்போது எங்கே எழுந்து நிற்கிறார் என்று சொல்ல வேண்டும்.

*

இங்கே எங்கள் ஊருக்கு வருகிறேன். கண்ணமங்கலம், ஆரணி சுற்றுவட்டாரத்தில் பட்டுத்தறி இருக்கும் தெருவில் மழை என்பது ரசிக்கிற விஷயம் இல்லை. குழித்தறியில் கால் வைக்கும் பள்ளம் தரைக்குக் கீழே இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்தால் பள்ளத்தில் ஈரம் ஊறும். நெய்தால்தான் கூலி, தறி நின்ற நாளுக்குக் கூலி இல்லை. பாவை நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்கத் தெருவின் நீளம் வேண்டும், காலை வெயில் வேண்டும், மெல்லிய காற்று வேண்டும். நடுவில் பத்து நிமிஷம் தூறினாலும் போச்சு.

எங்கள் தெருவில் தறி போடும் பெரியப்பா ஒருவர் டிவியில் வானிலை வரும்போதெல்லாம் கேட்கும் கேள்வி இது: "மழ வருதுன்னு எனக்கே தெரியுது, வானத்தப் பாத்தா தெரியாதா? காலைல வருமா, சாயந்தரம் வருமா? அத்தச் சொல்ல மாட்டேன்றானே."

நியாயமான கேள்வி. 20 மில்லிமீட்டர் மழை சாயந்தரம் ஏழு மணிக்குப் பெய்தால் ஊர் குளிரும். அதே 20 மில்லிமீட்டர் காலை ஏழு மணிக்கு வந்தால் ஒரு பாவு கெடும். நாள் கணக்கில் இரண்டும் ஒரே மழை. கணிப்பு சரியென்று டிக் அடித்துவிடலாம். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை எங்கள் பக்கம் பெய்வது பெரும்பாலும் பிற்பகலுக்குப் பிறகு ஜவ்வாது மலைப் பக்கம் கறுத்து வரும் இடிமழை. கணினி மாதிரிகளுக்கு இதில் ஒரு பொதுவான வியாதி உண்டு. உண்மையில் மாலையிலோ இரவிலோ பெய்யும் மழையை அவை உச்சிவேளைக்கே கொட்டித் தீர்த்துவிடும். வெயில் ஏறியதும் அவசரப்படும்.

2007-இல் கிருஷ்ணமூர்த்தி குழுவினர் இதே பிரச்சினையை எடுத்து இரண்டு பகுதியாக எழுதினார்கள். ஒரு நாளுக்குள் மழையும் மேகமும் எந்த நேரத்தில் உச்சத்துக்குப் போகின்றன என்பதைப் பல மாதிரிகளைக் கூட்டித் திருத்த முடியுமா என்று. மாதிரிகள் ஒன்றோடொன்று நேரத்தில் ஒத்துப்போகவில்லை. டிஆர்எம்எம் வழி கிடைத்த மூன்று மணி நேர மழைத் தரவை வைத்து, ஒவ்வொரு மாதிரியும் எந்த நேரத்தில் எவ்வளவு அவசரப்படுகிறது என்று கற்றுக்கொண்டு திருத்தினார்கள். 1999 கட்டுரையைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். என்னைக் கேட்டால் இந்த 2007 கட்டுரைகள்தான் அவருடைய யோசனையின் நல்ல வெளிப்பாடு. பெரியப்பாவின் கேள்விக்கு மிக அருகில் வந்தவை இவைதான்.

*

இனி சண்டை.

முதல் சண்டை கணிதம் தெரிந்தவர்கள் ஏற்கெனவே போட்டது. குறைந்த அனுபவத்தை வைத்து நண்பனை எடைபோட்டால் என்ன ஆகும்? மூன்று படத்தில் ஒருத்தன் தப்பாகச் சொன்னதை வைத்து அவன் எப்போதும் தலைகீழ் என்று முடிவுகட்டினால் நாலாவது படத்தில் மாட்டுவோம். 2002-இல் காரினும் ஸ்வியர்ஸும் பருவகாலக் கணிப்பில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பயிற்சிக்குக் கிடைக்கும் ஆண்டுகள் குறைவாக இருக்கும்போது, தனித்தனி எடை போட்ட கூட்டைவிட, சாதாரணச் சராசரியே நன்றாக நிற்கக்கூடும் என்று காட்டினார்கள். தினசரி வானிலைக்கு 120 நாள் பயிற்சி எளிதாகக் கிடைக்கும். ஒரு பருவத்துக்கு 120 பருவம் எங்கே போய் வாங்குவது? சூப்பர் என்செம்பிள் நாளை, நாளன்றைக்குச் சொல்வதற்குப் பொருத்தமானது. அடுத்த ஆண்டு பருவமழைக்கு அதே நம்பிக்கையோடு நீட்டுவது கடினம். 1999 கட்டுரை இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே உற்சாகத்தில் சொல்கிறது. அந்த இடத்தில் எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் பேசுவதாகவே படுகிறது.

இரண்டாவது சண்டை ஆழமானது. இந்த முறை மாதிரி ஏன் தப்பு செய்கிறது என்று கேட்பதில்லை. எங்கே, எவ்வளவு என்று மட்டும் குறித்துவைத்துக்கொள்கிறது. காரணம் தெரியாத திருத்தம் பழைய தப்புகளுக்கு மட்டுமே செல்லும். புதிய தப்பு வந்தால் அது கையைப் பிசையும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. கடந்த பிறகு வழக்கம்போல உள்ளே நகர்ந்து கரையவில்லை. அங்கேயே பல மணி நேரம் நின்றது. மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அதன்பின் உள்ளே நகர்ந்து ஊத்தங்கரையிலும் ஒரே நாளில் அதே அளவுக்குக் கொட்டியது. எங்கள் மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஒரே இடத்தில் ஏழு பேர் இறந்தார்கள். கடந்த 120 நாளின் பிழைகளை மட்டும் படித்த ஒரு முறைக்கு இப்படி நின்றுவிடும் புயலைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? நூறு சாதாரண நாளில் நன்றாகச் சொல்லும் முறையையும், உயிர் போகும் அந்த ஒரு நாளில் நன்றாகச் சொல்லும் முறையையும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது. பிழைகளின் சராசரி குறைந்தது என்று காட்டும் எந்தக் கட்டுரையைப் படித்தாலும் இனி இதைக் கேட்க வேண்டும்: அந்த ஒரு நாள் எப்படி இருந்தது?

இந்தக் கேள்வி பழைய சமாச்சாரம் இல்லை. 2023-இல் வந்த கிராஃப்காஸ்ட் போன்ற செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் பல பத்தாண்டு வானிலையைப் படித்துவிட்டு அடுத்த நாளைச் சொல்கின்றன. கிருஷ்ணமூர்த்தியின் எளிய எடைகளுக்குப் பதிலாக இங்கே கோடிக்கணக்கான எடைகள். கடந்ததிலிருந்து கற்றுக்கொள் என்ற மனசு ஒன்றுதான். அவருடைய முறையின் பலமும் பலவீனமும் வம்சம் விட்டு வம்சம் போகின்றன. இன்றைய ஏஐ வானிலை பற்றி உற்சாகமாகப் பகிர்கிறவர்கள் 1999-ஐ ஒருமுறை வாசித்துவிட்டுப் பகிரலாம்.

மூன்றாவது விஷயம் சண்டை என்பதைவிட ஒரு வருத்தம். அவருடைய மாதிரி பூமியைப் பிரித்த கட்டம் ஏறக்குறைய ஒரு பாகை, அதாவது நூறு கிலோமீட்டருக்கு மேல். கண்ணமங்கலம், ஆரணி, வேலூர் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் போய்விடும். மலையடிவாரத்துக்கும் சமவெளிக்கும் வித்தியாசமே கிடையாது. 2025 மே மாதம் இந்திய வானிலைத் துறை தொடங்கிவைத்த பாரத் முன்கணிப்பு அமைப்பின் கட்டம் 6 கிலோமீட்டர். அவர் இருந்து இதைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஊகிக்கலாம். ஒவ்வொரு 6 கிலோமீட்டர் கட்டத்துக்கும் பிழையைக் குறித்துவைக்கத் தொடங்கியிருப்பார்.

*

அவருடைய யோசனை இந்தியாவுக்கு வந்து சேராமலும் இல்லை. 2008 ஜூனிலிருந்து வானிலைத் துறை விவசாயிகளுக்காக மாவட்ட வாரியாக ஐந்து நாள் கணிப்பு கொடுக்கத் தொடங்கியபோது, பல மாதிரிகளை எடைபோட்டுச் சேர்க்கும் முறையைத்தான் அடிப்படையாக வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் புயல் பாதைக் கணிப்பில் ஃப்ளோரிடா ஸ்டேட்டின் சூப்பர் என்செம்பிள் பல ஆண்டு நம்பகமான துணையாக இருந்தது. யோசனை வேலை செய்திருக்கிறது. ஆனால் எண்ணில் வந்த நுணுக்கம் மொழியில் வரவில்லை.

'ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்.' இதை மீம் போட்டு எத்தனை சிரித்திருக்கிறோம். உண்மையில் இதற்கு ஒரு அகராதி இருக்கிறது. 'ஓரிரு இடங்கள்' என்றால் அந்தப் பகுதி மழைமானி நிலையங்களில் கால்வாசிக்குள். 'சில இடங்கள்' என்றால் பாதிவரை. 'பல இடங்கள்' என்றால் முக்கால்வாசிவரை. அதற்கு மேல் 'பெரும்பாலான இடங்கள்'. 'கனமழை' என்ற சொல்லுக்கும் கணக்கு உண்டு: 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் தாண்டினால் கனமழை, 115.6 தாண்டினால் மிக கனமழை, 204.5 தாண்டினால் அதி கனமழை. கவிதையில்கூட இவ்வளவு அளந்து சொல் போடுகிறவர்கள் குறைவு. கேட்கிறவருக்கு இந்த அகராதி போய்ச் சேராததால் அத்தனை துல்லியமும் மழுப்பலாகக் காதில் விழுகிறது. பிழைக்கு முகவரி கொடுத்த விஞ்ஞானத்தின் கடைசி வாக்கியம் முகவரி இல்லாமல் வருகிறது.

கிருஷ்ணமூர்த்தியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சூப்பர் என்செம்பிளின் சூத்திரத்தைவிட அதற்கு முந்தைய ஒரு பழக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. நேற்று என்ன சொன்னோம், நேற்று என்ன பெய்தது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைப்பது. அவர் எழுதியது முழுக்க இந்த இரண்டு பத்திகள்தான். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அந்த இரண்டு பத்தியை எளிய தமிழில், கணிப்புக்குப் பக்கத்திலேயே போட்டால் போதும். 'போன மாதம் இங்கே மாலை மழை என்று பன்னிரண்டு நாள் சொன்னோம், ஏழு நாள் பெய்தது' என்கிற மாதிரி. கேட்கிறவர் தானே எடை போட்டுக்கொள்வார். பெரியப்பாவுக்கு அது கைவந்த கலை. நூல் வியாபாரி சொல்லும் விலையையும், கூட்டுறவுச் சங்கத்தில் சொல்லும் தேதியையும், கட்சிக்காரர் சொல்லும் வாக்குறுதியையும் இத்தனை வருஷமாக அவர் அப்படித்தான் எடைபோட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

கிருஷ்ணமூர்த்தியைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல வாழ்க்கை வரலாறு யாராவது எழுதினால் நான் முதல் ஆளாக வாங்குவேன். அதில் பதக்கங்கள் பின்னிணைப்பில் இருக்கட்டும். முதல் அத்தியாயம் ஏதாவது ஒரு நாளின் தப்பான மழைக் கணிப்போடு தொடங்கட்டும்: எந்த மாதிரி, எந்தக் கட்டத்தில், எத்தனை மணிக்கு.